சிம்லாவில் பிறந்து ஹாலந்தில் உறங்கும் விமானி

சிம்லா இன்று இமாச்சலப் பிரதேசத்தின் தலைநகரம். வெள்ளைக்காரர் ஆட்சியில் அது இந்தியா முழுமைக்கும் கோடைக்காலத் தலைநகரமாக விளங்கியது. வெயில் ஏறத் தொடங்கியதும் சர்க்கார் அலுவலகங்கள் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் மலை ஏறிவிடும். குளிர் தொடங்கியதும் கீழே இறங்கும். அதற்கு வசதியாக 1903-ம் ஆண்டில் கால்காவில் இருந்து சிம்லாவுக்கு மலை ரெயிலும் விடப்பட்டது.

அந்தச் சிம்லாவில் 1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி காட்டிலாகா அதிகாரி ஒருவரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கய் பென்ரோஸ் கிப்சன் என்று பெயரிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பெரிய அணைகளை உடைத்து உலகப் புகழ் பெற்ற விமானி அவர்தான். 26 வயது நிறைந்த அடுத்த மாதமே போரில் உயிரிழந்தார்.

அணைகளை உடைத்த கதை பலருக்கும் தெரியும். சினிமாவாகவும் வந்தது. ஆனால் அதற்கு முன் அவர் ஓராண்டுக்கு மேல் இரவுப் போர் விமானியாக இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இருட்டில் பறப்பவனின் உயிர் பக்கத்தில் இருப்பவனின் கையில் இருக்கிறது என்ற பாடத்தை அவருக்குக் கற்றுத் தந்தது அந்த ஓராண்டுதான்.

ஒட்டாத குடும்பம்

தந்தை அலெக்சாண்டர் ஜேம்ஸ் கிப்சன், சிம்லா மலை சமஸ்தானங்களின் காடுகளுக்குத் தலைமை அதிகாரியாக உயர்ந்தவர். தாய் நோரா, இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையைச் சேர்ந்த கப்பல் தலைவர் ஒருவரின் மகள். மூன்று பிள்ளைகளில் கய் கடைசி.

பெற்றோருக்குள் ஒத்துப்போகவில்லை. 1924-ம் ஆண்டில் தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போய்விட்டார். தந்தை இந்தியாவிலேயே தங்கினார். கய்க்கு அப்போது 6 வயது.

அங்கேயும் வீடு என்று ஒன்று அமையவில்லை. பிள்ளை விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தான். தாய் மதுவுக்கு அடிமையானார். 1939-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் உடையில் தீப்பிடித்து இறந்தார்.

ஆக்ஸ்போர்டு செயிண்ட் எட்வர்ட்ஸ் பள்ளியில் கிப்சன் படித்தார். படிப்பிலோ விளையாட்டிலோ முதல் இடம் இல்லை. ஆனால் எடுத்த காரியத்தை விடாத குணம் இருந்தது. புது விமானங்களைப் பறந்து சோதிக்கும் விமானி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டு விக்கர்ஸ் விமானக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். முதலில் விமானப் படையில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொள்ளும்படி யோசனை கிடைத்தது.

விமானப் படைக்கு மனுப் போட்டார். உயரம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். மறுபடியும் மனுப் போட்டார். 1936-ம் ஆண்டு நவம்பரில் இடம் கிடைத்தது.

போர் வந்தது

பயிற்சி முடிந்து 83-வது குண்டு வீச்சுப் படைப்பிரிவில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே ஹாம்டன் என்ற இரட்டை என்ஜின் விமானத்தை ஓட்டினார். 1939-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது. அன்று மாலையே கிப்சன் தமது முதல் போர்ப் பயணத்துக்குப் புறப்பட்டார். வானிலை மோசமாக இருந்ததால் குண்டு போடாமலேயே திரும்ப நேர்ந்தது.

அடுத்த ஓராண்டு அவர் ஓயாமல் பறந்தார். 1940-ம் ஆண்டு ஜூலையில் முதல் வீரப் பதக்கம் கிடைத்தது. கூடப் பறந்த நண்பர்களோ ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள்.

குண்டு வீச்சு விமானியின் முறை முடிந்ததும் சில காலம் ஓய்வு கொடுத்துப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவது வழக்கம். கிப்சனுக்கு அந்த ஓய்வு பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் இரவுப் போர் விமானங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1940-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அவர் 29-வது படைப்பிரிவில் போய்ச் சேர்ந்தார்.

குருட்டு வானம்

மறுநாள் இரவு கவென்ட்ரி நகரை ஜெர்மன் விமானங்கள் விடிய விடியக் குண்டு போட்டு அழித்தன. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடகக் கம்பெனியோடு அந்த ஊருக்கு வந்திருந்த நடிகை ஈவ் மூரைத்தான் கிப்சன் ஓராண்டுக்கு முன் சந்தித்துக் காதல் கொண்டிருந்தார். கவென்ட்ரி எரிந்த ஒன்பதாம் நாள் பெனார்த் என்ற ஊரில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

பகலில் வந்த ஜெர்மன் விமானங்களைப் பிரிட்டனின் போர் விமானங்கள் விரட்டி அடித்துவிட்டன. அதனால் எதிரி இரவில் வரத் தொடங்கினான். செப்டம்பர் 7-ந் தேதி முதல் லண்டன் மீது இரவு தவறாமல் குண்டு விழுந்தது. அதைத் தடுக்க வழி தெரியாமல் விமானப் படை தவித்தது.

இரவில் ரெயில் ஓட்டுபவருக்குத் தண்டவாளம் இருக்கிறது. சிக்னல் விளக்கு இருக்கிறது. இரவு விமானிக்கு இரண்டும் இல்லை. கீழே ஊர் முழுவதும் விளக்கணைப்பு. மேலே மேகம். எதிரி விமானமும் விளக்கில்லாமல் வரும். நூறு கஜ தூரத்தில் அது கடந்து போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

இதற்குக் கிடைத்த மருந்துதான் ராடார் கருவி. பியூபைட்டர் என்ற புதிய விமானத்தில் அதைப் பொருத்தினார்கள். முன்னால் விமானி உட்காருவார். விமானத்தின் நடுப் பகுதியில், கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே, ராடாரை இயக்குபவர் உட்காருவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. காதில் மாட்டிய கருவி வழியாகப் பேச்சு மட்டும்தான் தொடர்பு.

தரையில் உள்ள ராடார் நிலையம் முதலில் எதிரிக்குச் சில மைல் பின்னால் விமானத்தைக் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் எல்லாம் உள்ளே இருப்பவரின் பொறுப்பு. அவர் முன் இரண்டு சிறிய திரைகள் இருக்கும். பச்சை நிறக் கோட்டில் ஒரு சிறு புடைப்பு தெரிந்தால் அதுதான் எதிரி. அதைப் பார்த்து வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே, வேகத்தைக் குறை என்று அவர் சொல்லச் சொல்ல விமானி ஓட்டுவார். அந்தக் கருவியின் பார்வையும் குறைவு. விமானம் பறக்கும் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் அதற்குத் தெரியும். விமானி தன் கண்ணால் எதிரியைக் காண்பது கடைசிச் சில நூறு கஜத்தில்தான்.

இந்த ரகசியம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு கதை கட்டிவிட்டது. நமது விமானிகள் காரட் நிறையச் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் இருட்டில் கண் தெரிகிறது என்று பரப்பினார்கள். காரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்ற பேச்சு அப்போது வலுப்பெற்றதுதான். ராடார்த் திரையைப் பார்த்துக் கண் வலித்தவர்களைப் பற்றி ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

பின்னால் இருந்த சார்ஜெண்ட்

குண்டு வீச்சுப் பிரிவில் இருந்து வந்த கிப்சனை 29-வது படைப்பிரிவில் முதலில் ஆதரவாகப் பார்க்கவில்லை. வெளியாளைத் தங்களுக்கு மேலே கொண்டு வந்து வைத்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல். புதிய கருவியும் அடிக்கடி பழுதாகியது. இரவு இரவாகப் பறந்தும் பல மாதம் ஒன்றும் அகப்படவில்லை.

1941-ம் ஆண்டு மார்ச்சு 14-ந் தேதி இரவு பலன் கிடைத்தது. கிப்சனோடு சென்றவர் சார்ஜெண்ட் ரிச்சர்டு ஜேம்ஸ். அவர் திரையைப் பார்த்து வழி சொல்ல, கிப்சன் ஹைன்கல் குண்டு வீச்சு விமானம் ஒன்றின் பின்னால் போய்ச் சேர்ந்து சுட்டார். அது ஸ்கெக்னஸ் கடற்கரைக்கு அருகே கடலில் விழுந்தது.

அடுத்த மாதம் நிலைமை தலைகீழாயிற்று. ஏப்ரல் 8-ந் தேதி இரவு கிப்சன் வெல்லிங்கோர் விமானதளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். இறங்கும் விமானத்துக்காகக் காத்திருந்த ஜெர்மன் விமானம் ஒன்று பின்னால் இருந்து சுட்டது. கிப்சனுக்குக் காயம் இல்லை. ராடார் இயக்கியவரின் காலில் குண்டு பாய்ந்தது. முன்னால் இருப்பவர் தப்பி, பின்னால் இருப்பவர் அடிபடுவது அந்தத் தொழிலில் உள்ளதுதான்.

பிறகு படைப்பிரிவு கென்ட் மாவட்டத்தில் உள்ள வெஸ்ட் மாலிங் தளத்துக்கு மாறியது. ஓராண்டில் கிப்சன் ஏறக்குறைய 100 முறை இரவில் பறந்தார். குறைந்தது மூன்று எதிரி விமானங்களை வீழ்த்தினார். இரண்டாவது முறையாக வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பெயர் பத்திரிகையில் வந்தது கிப்சனுக்கு. ஆனால் ஜேம்ஸ் போன்றவர்களின் கண் இல்லாமல் கிப்சனின் பீரங்கிக்கு எதிரி கிடைத்திருக்க மாட்டான்.

கடுமையான தலைவர்

1942-ம் ஆண்டு மார்ச்சில் குண்டு வீச்சுப் படையின் தளபதி ஹாரிஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 23 வயதில் 106-வது படைப்பிரிவுக்குத் தலைவர்.

கிப்சனிடம் குறை இல்லாமல் இல்லை. அதிகாரிகளோடு சகஜமாகப் பழகுவார். சாதாரணச் சிப்பாய்களிடமும் விமானத்தைப் பழுது பார்க்கும் தொழிலாளர்களிடமும் கடுமையாக நடந்துகொள்வார். சிறு தவறுக்கும் தண்டனை உண்டு. அவர் வருவதைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள் பலர். ஆனால் ஆபத்தான பயணம் என்றால் தானே முதலில் பெயர் கொடுப்பார். மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது.

அணைகள் உடைந்த இரவு

1943-ம் ஆண்டு மார்ச்சில் 617-வது படைப்பிரிவை அமைத்துக் கிப்சனிடம் ஒப்படைத்தார்கள். ரூர் தொழிற்பகுதிக்குத் தண்ணீரும் மின்சாரமும் தரும் அணைகளை உடைப்பதே வேலை. விஞ்ஞானி பார்ன்ஸ் வாலிஸ், தண்ணீரின் மேல் தத்தித் தத்திச் சென்று அணைச் சுவரை ஒட்டி மூழ்கி வெடிக்கும் குண்டைச் செய்திருந்தார். பையன்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடும் விளையாட்டைப் போன்றது. ஆனால் அந்தக் குண்டின் எடை 4 டன்னுக்கு மேல். நீர் மட்டத்தில் இருந்து சரியாக 60 அடி உயரத்தில், இரவில், பறந்து அதைப் போடவேண்டும்.

மே 16-ந் தேதி இரவு 19 லங்காஸ்டர் விமானங்களில் 133 பேர் புறப்பட்டார்கள். மோனே அணையில் முதல் குண்டைப் போட்டவர் கிப்சன். சுவர் உடையவில்லை. இரண்டாவதாக வந்த விமானம் பீரங்கிக்கு இரையாகி விழுந்தது. அதைக் கண்டதும் கிப்சன், அடுத்து வந்த விமானத்துக்குப் பக்கத்திலேயே தமது விமானத்தையும் ஓட்டிச் சென்றார். பீரங்கிகள் இரண்டு பக்கமும் பார்த்துச் சுடவேண்டியதாகி, குண்டு போடுபவருக்கு ஆபத்து குறையும் என்பது அவர் கணக்கு. தமது குண்டைப் போட்டு வேலை முடிந்த பிறகும் இப்படி மறுபடி மறுபடி நெருப்புக்குள் போனார். மோனே அணை உடைந்தது. பிறகு ஈடர் அணையும் உடைந்தது. சோர்பே அணை சேதத்தோடு தப்பியது.

8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள். 3 பேர் சிறைப்பட்டார்கள். மறுநாள் ஊரெல்லாம் கொண்டாட்டம். படைப்பிரிவு அலுவலகத்தில் நடந்த வேலை வேறு. நிர்வாக அதிகாரி ஹம்ப்ரீசும் குமாஸ்தாக்களும் 56 குடும்பங்களுக்கும் தந்தி எழுதினார்கள். சிறைப்பட்டவர்கள் உயிரோடு இருப்பது அப்போது தெரியாது. தந்தியைத் தொடர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கிப்சன் கையெழுத்திட்ட கடிதமும் சென்றது.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மோனே வெள்ளத்தில் 1,200 பேருக்கு மேல் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஜெர்மானியர் அல்லர். போர்க் கைதிகள், பிழைப்புக்காக அல்ல, துப்பாக்கி முனையில் வேற்று நாட்டில் இருந்து வேலைக்குக் கொண்டு வரப்பட்டவர்கள். அணைக்குக் கீழே நேஹைம் என்ற ஊரில் முகாமில் அடைபட்டிருந்த சோவியத் நாட்டுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்.

கிப்சனுக்குப் பிரிட்டனின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அப்போது வயது 24.

ஆறு நாற்காலிகள்

அன்று கிப்சனின் விமானத்தில் அவரோடு ஆறு பேர் இருந்தார்கள். என்ஜினைக் கவனித்த புல்போர்டு, வழி கணித்த கனடாக்காரர் டேரம், ரேடியோவில் இருந்த ஹட்சிசன், குண்டைக் குறி பார்த்துப் போட்ட ஆஸ்திரேலியர் ஸ்பாபோர்டு, முன் துப்பாக்கியில் டீரிங், வால் துப்பாக்கியில் டிரெவர் ரோப்பர்.

விருது பெற்ற பிறகு கிப்சனைப் பறக்க விடவில்லை. இப்படிப்பட்ட பெயர் பெற்றவரை இழக்க சர்க்கார் விரும்பவில்லை. பிரதமர் சர்ச்சிலோடு கப்பலில் கனடாவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவிலும் ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார்.

அவர் அங்கே இருந்தபோது, 1943-ம் ஆண்டு செப்டம்பரில், அவருடைய பழைய ஆட்களில் நால்வர் புதிய தலைவரோடு ஜெர்மனிக்குப் போனார்கள். டேரம், ஹட்சிசன், ஸ்பாபோர்டு, டீரிங் நால்வரும் திரும்பவில்லை. 1944-ம் ஆண்டு பிப்ரவரியில் புல்போர்டு சென்ற விமானம் இங்கிலாந்திலேயே ஒரு குன்றில் மோதியது. மார்ச்சு கடைசியில் நியூரம்பர்க் மீது நடந்த தாக்குதலில் பிரிட்டன் ஒரே இரவில் 95 விமானங்களை இழந்தது. பெரும்பாலானவற்றை வீழ்த்தியவை ஜெர்மனியின் இரவுப் போர் விமானங்கள். டிரெவர் ரோப்பர் இருந்த விமானமும் அவற்றில் ஒன்று.

ஓராண்டு முடிவதற்குள் ஆறு நாற்காலிகளும் காலி. ஏழாமவர் லண்டனில் விமான இலாகா அலுவலகத்தில் மேஜை முன் உட்கார்ந்து போர் அனுபவங்களைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு நிற்கச் சொன்னார்கள். முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு விலகிக்கொண்டார். மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்ப அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பறக்க விடவேண்டும் என்பதே அது.

கடைசிப் பயணம்

1944-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி இரவு, ஜெர்மனியில் ரைட், மொன்சன்கிளாட்பாக் ஆகிய இரு நகரங்கள் மீது 200-க்கு மேற்பட்ட லங்காஸ்டர்கள் குண்டு வீசச் சென்றன. இலக்குக்கு மேலே சுற்றி வந்து ரேடியோவில் அவற்றுக்கு வழிகாட்டும் பொறுப்பு கிப்சனுக்குக் கிடைத்தது.

அவர் எடுத்துச் சென்றது மொஸ்கிட்டோ, அதாவது கொசு என்ற பெயருடைய விமானம். மரத்தால் செய்யப்பட்டது, மிகுந்த வேகம் உள்ளது. இருவர் மட்டுமே அதில் போகலாம். பியூபைட்டர் போல முன்னும் பின்னுமாக அல்லாமல் அருகருகே உட்காரவேண்டும். அன்று பக்கத்து இருக்கையில் வழி கணிக்கும் அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் வார்விக். அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்தவர். வீரப் பதக்கம் பெற்றவர். கிப்சன் அந்த விமானத்தில் அதிகம் பழகியவர் அல்லர்.

தாக்குதல் முடிந்ததும் எல்லோரும் வீடு திரும்பும்படி கிப்சன் ரேடியோவில் உத்தரவிட்டார். மற்றவர்கள் திரும்பினார்கள். அவருடைய விமானம் ஹாலந்தில் ஸ்டீன்பெர்கன் என்ற சிறு நகருக்கு மேலே இரவு பத்தரை மணி அளவில் தாழ்வாக வந்து விழுந்து தீப்பற்றியது. காரணம் பற்றி மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. பெட்ரோல் டாங்கை மாற்றும் குழாயைத் திருப்புவதில் தவறு நேர்ந்தது என்பது ஒன்று. ஜெர்மன் பீரங்கி என்பது இன்னொன்று. தங்கள் தரப்பு லங்காஸ்டர் ஒன்றின் துப்பாக்கி வீரரே, அதை ஜெர்மனியின் இரவுப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டுவிட்டார் என்பது மூன்றாவது. இருட்டில் நண்பன் யார், எதிரி யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை ஓராண்டு செய்தவருக்கு அப்படி ஒரு முடிவு வந்திருக்கக்கூடும்.

சாக்ஸில் இருந்த குறி

ஸ்டீன்பெர்கன் அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்தது. எரிந்த விமானத்தில் இருந்து ஊர்மக்கள் எடுத்தவை உடல்கள் என்று சொல்லும் நிலையில் இல்லை. ஒரே ஒருவர்தான் இருந்தார் என்று முதலில் எண்ணினார்கள். மூன்றாவது கை ஒன்று கிடைத்த பிறகே இருவர் என்று தெரிந்தது.

வார்விக்கை அவர் வைத்திருந்த அடையாளத்தைக் கொண்டு அறிந்தார்கள். மற்றவரின் சாக்ஸில் சலவைக்குப் போடுவதற்காகப் பெயர் குறித்துத் தைத்த சிறு துணி இருந்தது. கிப்சன் என்று அதில் இருந்தது. அரசியின் கையால் விருது வாங்கியவரை, கடைசியில் யார் என்று காட்டிக் கொடுத்தது அந்தச் சலவைக் குறிதான்.

ஊரில் இருந்த கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருவரையும் அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கப் பாதிரியாரும் புராட்டஸ்டண்டு பாதிரியாரும் சேர்ந்து ஜெபம் செய்தார்கள். இங்கிலாந்தில் பல வாரங்கள் வரை கிப்சனைக் காணவில்லை என்று மட்டுமே தெரிந்தது. 1945-ம் ஆண்டு ஜனவரியில் இறப்பு உறுதியாயிற்று. அவர் எழுதிய புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

சினிமாவும் புத்தகங்களும் ஒரு பெயரைத்தான் உரக்கச் சொல்லின. ஸ்டீன்பெர்கன் மக்கள் அப்படிச் செய்யவில்லை. தங்கள் ஊரில் ஒரு தெருவுக்குக் கிப்சன் பெயரை வைத்தார்கள். இன்னொரு தெருவுக்கு வார்விக் பெயரை வைத்தார்கள். அந்த இரவில் ஓட்டியவரும் வழி சொன்னவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள் என்பது அந்த ஊருக்குத் தெரியும்.